உப்புக் கிணறும் என் பாடத்திட்டமும்

எங்கள் ஆயா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. சோப்பு நுரைக்காது. கிணற்றடித் தென்னையின் ஓலை நுனி எல்லாக் காலத்திலும் கருகியே இருக்கும். மேல்விஷாரத்துக்கும் ஆற்காட்டுக்கும் நடுவில், பாலாற்றை ஒட்டிய ஊர் எங்களுடையது. ஆயா கல்யாணமாகி வந்த காலத்தில் ஆற்று மணலைக் கையால் தோண்டினால் போதும், தண்ணீர் சுரக்குமாம். மணலில் ஊற்றுக்கால்வாய் வெட்டி அதை வயலுக்குக் கொண்டுபோய் நெல் விளைத்திருக்கிறார்கள். எனக்கு நினைவு தெரிந்தபோது குடிதண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்தது.

2019-இல் வேலூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். முதல் வாரம் எங்கள் மேடம் ஒவ்வொருவரிடமும் ஏன் இந்தப் பாடம் என்று கேட்டார். மதிப்பெண்ணுக்கு இதுதான் கிடைத்தது என்று பாதிப்பேர் உண்மையைச் சொன்னார்கள். நான், "எங்கள் கிணற்றில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்" என்றேன். மேடம் சற்று நேரம் என்னையே பார்த்தார். "அதற்கு வேதியியல் மட்டும் போதாதேம்மா" என்றார். மூன்று ஆண்டுகள் நான் செய்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் தொடக்கம்.

அடுத்த ஆண்டு ஊரடங்கில், அமெரிக்காவில் சில கல்லூரிகளில் மாணவரே தம் முதன்மைப் பாடத்தை வடிவமைத்துக்கொள்ள முடியும் என்று படித்தேன். பிரவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் தாங்களே ஆராய்ந்து எழுதிய ஓர் அறிக்கையிலிருந்து 1969-இல், மாணவரே பாடங்களைத் தேர்ந்துகொள்ளும் திறந்த பாடத்திட்டம் பிறந்திருக்கிறது. அங்கே இருக்கும் துறைகள் எதிலும் அடங்காத கேள்வி உள்ளவர், தனக்கென ஒரு துறையை முன்மொழிந்து ஒப்புதல் வாங்கலாம். ஹாம்ப்ஷயர் கல்லூரியில் அப்போது இறுதி ஆண்டு முழுவதும் மாணவர் தாமே தேர்ந்த ஒரு பெரிய பணியாகவே இருந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் காலட்டின் பள்ளியில் மாணவர் தன் படிப்பின் திட்டத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். கடைசியில் தானே தொகுத்த நூல் பட்டியலை முன்வைத்து ஆசிரியர்களோடு நீண்ட வாய்மொழித் தேர்வில் உட்கார வேண்டும்.

படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. பொறாமைதான். எங்கள் கல்லூரிக்குப் பாடத்திட்டம் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. எந்தப் பருவத்தில் எந்தத் தாள் என்பது நாங்கள் சேரும் முன்பே அச்சாகிவிட்டது. துணைப்பாடம் கல்லூரி கொடுப்பது. மாணவர் கையில் இருப்பது ஓரிரு விருப்பப்பாடங்கள், அதுவும் ஆசிரியர் இருந்தால். ஆனால் அவர்கள் செய்வதைத் திரும்பத் திரும்பப் படித்தபோது ஒன்று புரிந்தது. கேள்வியை எழுது, அதற்குத் தேவையானதைத் தேடிச் சேர், கேள்வி கேட்க ஆள் வை, கடைசியில் ஒரு வேலையைச் செய்து காட்டு: இந்த நான்கில் எதற்கும் பல்கலைக்கழகத்தின் அனுமதி தேவையில்லை.

பட்டத்தின் பெயரில் மட்டும் கைவைக்கவில்லை. இதை இப்போது கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்கிறேன். நம் மாநிலத்தில் அரசுப் பணித் தேர்வு எழுதப் போனால் பட்டத்தின் பெயர் பெரிய விஷயம். வழக்கத்தில் இல்லாத பெயர் என்றால், இந்தப் பட்டம் அந்தப் பட்டத்துக்கு இணையானது என்று அரசாணையைக் காட்ட வேண்டிவரும். சான்றிதழில் "வேதியியல்" என்று இருக்கட்டும், உள்ளே எனக்கு வேண்டியதை நான் கட்டிக்கொள்கிறேன் என்று முடிவெடுத்தேன்.

நான் எழுதிய முதல் திட்டம் படுமோசம். சுற்றுச்சூழல், நிலவியல், சட்டம், பொருளாதாரம், புள்ளியியல், வரலாறு என்று 14 பாடங்களின் பட்டியல். மேடம் வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, "இதில் உன் கேள்வி எங்கே?" என்று மட்டும் பதில் அனுப்பினார். பத்து நாள் கழித்து ஒரே வாக்கியம் எழுதினேன்: எங்கள் கிணற்றில் கலந்திருப்பது என்ன, அது எப்படி அங்கே வந்தது, அதற்கு யார் பொறுப்பு, தண்ணீர் திரும்ப நல்லதாகுமா? இதை எழுதிய பிறகு 14 பாடங்களில் எட்டு தானாக உதிர்ந்துவிட்டன. இந்தக் கேள்விக்கு உதவாத பாடம் எவ்வளவு நல்லதானாலும் அது வேறொருவருடைய படிப்பு. உங்கள் கேள்வியை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவருக்குப் புரியவில்லையென்றால் அது இன்னும் கேள்வியாகவில்லை. நான் ஆயாவிடம் படித்துக் காட்டினேன். "கடைசி ஒன்றுக்கு மட்டும் சீக்கிரம் பதில் சொல்லு" என்றார்.

பிறகு ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டேன். இடப்பக்கம், கல்லூரிப் பாடத்திட்டம் எனக்குத் தருவது. வலப்பக்கம், தராதது. இடப்பக்கம் நான் நினைத்ததைவிட நிறைய இருந்தது. பகுப்பாய்வு வேதியியல், அணைவுச் சேர்மங்கள், நீரின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருளின் கரைசலால் அளக்கும் தரம்பார்த்தல் எல்லாம் நேராக என் கிணற்றுக்கே உதவின. ஆய்வகத் தேர்வில் மேடம் கொடுக்கும் மாதிரிக் கரைசலோடு எங்கள் கிணற்று நீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோய்த் தரம்பார்த்தேன். அந்த ஆண்டு நான் கற்றுக்கொண்டதில் பாதி அப்படி வந்ததுதான். முதலில் இருப்பதை முழுதாகப் பிழிந்தெடுங்கள். வெளியே தேடுவது அதற்கு அப்புறம்.

வலப்பக்கத்துக்கு, ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் இணையத்தில் பாடம் நடத்தும் என்.பி.டி.இ.எல். தளத்தில் நிலத்தடி நீர் பற்றிய ஒரு 12 வாரப் பாடத்தில் சேர்ந்தேன். பாடம் இலவசம். நேரில் போய் எழுதும் தேர்வுக்கு நான் எழுதியபோது 1000 ரூபாய். வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25 மதிப்பெண், தேர்வுக்கு 75. சான்றிதழ் வந்த மகிழ்ச்சியில் கல்லூரி அலுவலகத்துக்குப் போய் இதற்குக் கிரெடிட் தருவீர்களா என்று கேட்டேன். முன்கூட்டி அனுமதி வாங்காததால் முடியாது என்றார்கள். விதி இருக்கத்தான் செய்தது: ஒரு பருவத்தின் மொத்தப் பாடங்களில் 40 விழுக்காடு வரை, என்.பி.டி.இ.எல். பாடங்களும் இடம்பெறும் அரசின் இணையப் பாடத் தளமான ஸ்வயம் வழியாகப் படிக்கலாம் என்று 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு அனுமதித்தது. ஆனால் எந்தப் பாடம், எந்தத் தாளுக்குப் பதில் என்பதைக் கல்வி நிறுவனம் முதலில் ஏற்க வேண்டும். சேரும் முன்பே துறைத்தலைவரிடம் எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். எனக்குக் கிரெடிட் போனது, பாடம் போகவில்லை. ஆனால் அதே உழைப்புக்கு இரண்டும் கிடைத்திருக்கும்.

அந்தப் பாடம் கொடுத்த துணிச்சலில் அடுத்த பருவத்தில் மூன்று பாடங்களில் ஒன்றாகச் சேர்ந்தேன். இயற்பிய வேதியியலில் அரியர் விழுந்தது. வீட்டில் யாரும் திட்டவில்லை, அதுதான் கூடுதலாக வலித்தது. சித்தப்பா மட்டும், "அடுப்பு ஒன்று, பானை மூன்று" என்றார். அதன்பின் பருவத்துக்கு ஒரு வெளிப்பாடம், அதுவும் கல்லூரித் தாள்கள் எல்லாம் கையில் இருந்தால் மட்டும் என்று வைத்துக்கொண்டேன். முதன்மைப் பாடத்தில் தடுமாறுகிறவர் பேச்சை வெளியே யாரும் கேட்க மாட்டார்கள். உங்கள் சொந்தப் பாடத்திட்டத்துக்கு மதிப்பு தருவதே அந்த முதன்மைப் பாடத்தில் உங்களுக்குள்ள ஆழம்தான்.

இனி அந்தக் கேள்வி என்னை எங்கே கொண்டுபோனது என்று சொல்ல வேண்டும். நான் குரோமியத்தைத் தேடித்தான் கிளம்பினேன். ராணிப்பேட்டைப் பகுதியில் வளர்ந்த எவருக்கும் தோல் ஷாப், அதாவது தோல் பதனிடும் ஆலை, என்றாலே குரோமியம்தான் நினைவுக்கு வரும். சிப்காட்டில் மூடிக்கிடக்கும் பழைய குரோமேட் ஆலையின் மஞ்சள் கழிவைச் சிறுவயதிலிருந்தே கேள்விப்பட்டிருக்கிறோம். ஆனால் குரோமியத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். அது காரத்தன்மையுள்ள நீரில் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும், மண்ணைவிட்டு எளிதில் நகராது. அறுவிணைதிறக் குரோமியம்தான் நீரோடு ஓடும், உடலுக்குக் கொடியது. அது இருக்கும் இடத்தில் பேராபத்து. எங்கள் கிணற்றைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது குரோமியம் வரம்புக்குள்தான் இருந்தது. கரைந்த உப்புகளின் மொத்த அளவுதான் லிட்டருக்கு 2000 மில்லிகிராமைத் தாண்டி நின்றது. குடிநீருக்கு 500 வரை ஏற்கலாம், வேறு நீர் இல்லாவிட்டால் 2000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்.

எங்கள் எதிரி உப்பு. இதைச் சித்தப்பாவிடம் சொன்னபோது அவருக்கு வியப்பே இல்லை. 20 ஆண்டுகளாகத் தோல் ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மில் வேலை செய்கிறவர். "தோல் வரும்போதே உப்போடுதானே வருகிறது" என்றார். பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பைத் தடவித்தான் அனுப்புகிறார்கள். ஷாப்பில் முதல் வேலை அதை ஊறவைத்து உப்பை இறக்குவது. ஊறவைக்கும் முன் தோலை நன்றாக உதறி உப்பைத் தனியே எடுத்தால் தண்ணீரில் போகும் உப்பு குறையும் என்பதை நான் எந்தப் பாடத்திலும் அதுவரை படிக்கவில்லை. சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்து துண்டை உதறிக் காட்டிச் சொன்னார். ஷாப்களின் கழிவுநீர் போகும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். கரைந்த உப்பை அவை ஒன்றும் செய்யாது. அதற்குச் சவ்வூடு வடிகட்டலும், மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் கலனும் வேண்டும். அதற்குக் கரண்டும் பணமும் வேண்டும்.

உப்பு என்று தெரிந்த பிறகு மண் இல்லாமல் நகர முடியவில்லை. சோடியம் மண்ணிலுள்ள கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். களிமண் துகள்கள் பிரிந்து மண் இறுகும். தண்ணீர் கீழே இறங்காது. எங்கள் மேட்டு வயல் மழைக்குப் பின் ஏன் ஓடுபோலக் காய்கிறது என்பதற்கு அங்கே விடை கிடைத்தது. ஜிப்சம் போட்டால் கால்சியம் திரும்ப ஏறும், ஆனால் வெளியேறிய சோடியத்தைக் கழுவிக்கொண்டுபோக நல்ல தண்ணீர் வேண்டும். நல்ல தண்ணீர்தான் இல்லையே. ஒரு பாடம் எங்கே நின்றதோ அங்கிருந்து அடுத்த பாடம் தொடங்கியது. நான் முன்கூட்டி எழுதிய எந்தப் பட்டியலிலும் மண்ணியல் இல்லை. அதனால் திட்டத்தைப் பென்சிலால் எழுதுங்கள்.

சட்டம் எனக்குக் கடினமாக இருந்தது. ஆனால் விட மனமில்லை, ஏனென்றால் அது எங்கள் ஊர்ச் சட்டம். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை இந்தியா முழுவதும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடும், தீங்கு வருமுன் காக்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு உறுதிசெய்தது அதில்தான். தோல் ஷாப்கள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வை அந்தத் தீர்ப்பு மேற்கோள் காட்டுகிறது. அந்த வரியைப் படித்தபோது அதில் எங்கள் மேட்டு வயலும் ஒன்று என்று நினைத்தேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. வாலாஜாவில் வழக்கறிஞராக இருக்கும் தோழியின் அக்கா வாரம் ஒரு மணிநேரம் உட்கார்ந்து என்னோடு அந்தத் தீர்ப்பைப் படித்தார். இரண்டு மாதம் ஆயிற்று. எல்லாத் தீர்ப்பும் இணையத்தில் இலவசம். கூடப் படிக்க ஓர் ஆள்தான் அரிது.

இன்னொன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என் கல்லூரிக் கட்டணம் அந்த டிரம்மிலிருந்து வந்த பணம். சித்தப்பா சம்பளம் இல்லையென்றால் எனக்கு இந்தப் படிப்பே இல்லை. முதலாண்டில் ஷாப்களை எல்லாம் மூடிவிட வேண்டும் என்று எழுதியிருந்தேன். மூன்றாமாண்டில் அப்படி எழுத முடியவில்லை. பணம் எங்கிருந்து எங்கே போகிறது, எந்தச் செலவை ஷாப் தாங்கும், எதைத் தாங்காது என்று கேட்கத் தொடங்கினேன். ஒரே துறைக்குள் இருந்திருந்தால் என் முதலாண்டு முடிவோடேயே பட்டம் வாங்கியிருப்பேன்.

நீர் மாதிரி எடுக்க நினைக்கிறவர்களுக்குச் சில கைவேலைக் குறிப்புகள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா போன்ற மீட்டர் உப்பின் மொத்த அளவைத் தோராயமாகக் காட்டும், எந்த உப்பு என்று சொல்லாது. பாட்டிலை அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் நிரப்பி, நாள், நேரம், நீர்மட்டம் மூன்றையும் அங்கேயே எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று விட்ட மூன்று பாட்டில்களை நான் கொட்ட வேண்டியதாயிற்று. உலோகம் பார்க்கும் மாதிரியில் சிறிது நைட்ரிக் அமிலம் சேர்க்க வேண்டும். அறுவிணைதிறக் குரோமியம் பார்ப்பதானால் அமிலம் கூடாது, குளிரில் வைத்து ஒரு நாளுக்குள் பார்க்க வேண்டும். முழுப் பரிசோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுக்கலாம். சொந்தக் கணக்கை எப்போதும் ஒரு வெளி ஆய்வகத்தின் கணக்கோடு ஒப்பிடுங்கள்.

2021 செப்டம்பரில் 12 கிணறுகளில் மாதிரி எடுக்கத் தொடங்கினேன். இறுதியாண்டுத் திட்டக் கட்டுரைக்கு அவ்வளவு சீக்கிரம் தேவையில்லை என்று தோழிகள் சொன்னார்கள். நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. வாலாஜா அணைக்கட்டில் நின்று பார்க்க ஊர் ஊராக மக்கள் வந்தார்கள். ஆயா ஆற்றைப் பார்த்துக் கைகூப்பி அழுதார். எனக்கோ வெள்ளத்துக்கு முந்தைய கணக்கு கையில் இருந்தது. ஆற்றங்கரைக் கிணறுகளில் உப்பு இறங்கியது, தள்ளியிருந்தவற்றில் அசையவில்லை, கோடைக்குள் எல்லாம் மெல்ல ஏறத் தொடங்கின. ஆயாவின் கடைசிக் கேள்விக்கு முதல் பதில் அதுதான்: ஆறு ஓடினால் கரையோரம் மீளும், ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் கட்டுரைக்காகக் கல்லூரி நடத்திய வாய்மொழித் தேர்வு ஒன்பது நிமிடத்தில் முடிந்தது. எனக்குப் போதவில்லை. காலட்டின் மாணவர்களைப் போல ஒரு நூல் பட்டியலும் கட்டுரையும் வைத்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மேடத்தையும் வழக்கறிஞர் அக்காவையும் சித்தப்பாவையும் ஒரே மேசையில் உட்கார வைத்தேன். சித்தப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கிரீன் சர்க்கிளில் பஸ் இறங்கி, முதல்முறையாக என் கல்லூரிக்குள் வந்தார். மேடம் கேட்டவற்றுக்குப் பதில் சொன்னேன். அக்கா கேட்டவற்றில் பாதிக்குச் சொன்னேன். சித்தப்பா கேட்டது: "ஒரு தோலுக்கு எத்தனை கிலோ உப்பு இறங்கும்?" எனக்குத் தெரியவில்லை. மூன்று ஆண்டுகள் படித்தவள் அதை ஒருமுறைகூட எடைபோட்டுப் பார்க்கவில்லை. கேட்பவர் எல்லோரும் ஒரே படிப்புப் படித்தவராக இருந்தால் எல்லோரும் ஒரே இடத்தில்தான் பார்ப்பார்கள். உங்கள் மேசையில் அந்தத் தொழிலைக் கையால் செய்பவர் ஒருவர் இருக்கட்டும்.

இப்போது படிப்பவர்களுக்கு வாய்ப்புகள் கூடியிருக்கின்றன. 2022 ஏப்ரலிலிருந்து, கல்லூரிக்குப் போய் ஒரு பட்டமும் தொலைநிலையிலோ இணையவழியிலோ இன்னொன்றும் ஒரே நேரத்தில் படிக்கலாம். நான் அவசரப்பட்டுச் சேரச் சொல்ல மாட்டேன். அடுப்பும் பானையும் நினைவிருக்கட்டும்.

வேலைக்கான நேர்முகத்தில், நீர்ப் பரிசோதனை ஆய்வகம் ஒன்றில், என் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு மூடிவைத்தார்கள். ஒரு மாதிரி எப்படி எடுப்பாய் என்று கேட்டார்கள். மூன்று பாட்டில்களைக் கொட்டிய கதையைச் சொன்னேன். அங்கேதான் வேலை செய்கிறேன்.

2025 ஜனவரி 30 அன்று பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடி ஒரு தீர்ப்பு சொன்னது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடமிருந்து வசூலிக்க வேண்டும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்க வேண்டும் என்றெல்லாம் உத்தரவு. அந்த ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்து பத்தி பத்தியாகத் தமிழில் சொன்னேன். ஆயா பாதியில் தூங்கிவிட்டார். சித்தப்பா கடைசிவரை கேட்டார். பிறகு, "காய்ச்சி வற்றவைத்து எடுக்கிற உப்பை மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் வைத்திருக்கிறார்களே, மழை வந்தால் அது எங்கே போகும்?" என்றார். சமையலுக்கு ஆகாத, பல இரசாயனம் கலந்த உப்பு அது. உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து, புதுப் பக்கத்தில் அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டேன்.